உப்பு என்றுதான் நினைத்தோம்

என் தங்கை தனகோடியின் வலது கை நடுவிரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னது ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. அவர் தலைக்கு மேலே ஒரு கடிகாரம் இருந்தது. அதைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் நேரம் மட்டும் மனதில் நின்றுவிட்டது.

"எலும்பு அரிச்சுப் போச்சும்மா. நடுக்கணுவோட எடுத்துட்டா கை பொழைக்கும். விட்டா உள்ளங்கைக்கு எறங்கிடும்" என்றார். அடுத்த புதன்கிழமைக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து ஆட்டோவுக்காக நிற்கும்போது தனகோடி கேட்டாள். "இந்த விரலு இல்லாம நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

வேறு யார் கேட்டிருந்தாலும் மீதி ஒன்பது விரல் இருக்கிறதே என்று சொல்லித் தேற்றியிருப்பேன். தனகோடியிடம் அப்படிச் சொல்ல முடியாது. அவளுடைய இருபத்திரண்டு வருட வேலை முழுவதும் அந்த ஒரு விரலில் இருந்தது.

அவள் வேலை செய்வது ஆம்பூரில், பதனிடாத பச்சைத் தோல் வந்து இறங்கும் ஒரு மண்டியில். ஆட்டுத் தோல்கள் உப்பு போட்டு மடித்து லாரியில் வரும். அவற்றைப் பிரித்து, நல்லது எது, கழிவு எது என்று தரம் பார்க்க வேண்டும். மண்டியில் இதற்கு செலக்‌ஷன் என்று பெயர். மயிர்ப்பக்கம் கீழே இருக்கும்படி தோலை மேசையில் விரிப்பார்கள். மேலே தெரிவது சதைப்பக்கம்தான். அதில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தனகோடி நடுவிரலை மட்டும் நீட்டி, கழுத்திலிருந்து வால் வரை ஒருமுறை, இரண்டு விலாவிலும் ஒவ்வொரு முறை ஓட்டுவாள். மூன்றே ஓட்டம். தழும்பு இருக்கும் இடத்தில் விரல் நின்றுவிடும்.

தழும்பு இருக்கிறது என்பதை மற்றவர்களும் கண்டுபிடிப்பார்கள். அது எந்தச் செடி போட்டது என்று சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடியும். அவளே எனக்குச் சொன்னது இது. வேலிக்காத்தான் கீறினால் விலாவில் நீளமாக நேர்கோடு ஓடும், நெற்று பொறுக்க ஆடு புதருக்குள் நுழையும்போது விழுவது அது. இலந்தைக்கு முள் ஜோடி ஜோடியாக இருக்கும், ஒன்று நேராக நிற்கும், மற்றது கொக்கியாக வளைந்திருக்கும். ஆடு தலையை உள்ளே விடும்போது ஒன்றும் ஆகாது, பின்னால் இழுக்கும்போதுதான் கிழியும். சப்பாத்திக்கள்ளியில் பெரிய முள்ளுக்குப் பயப்பட வேண்டாம். அதன் அடியில் பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருக்கும் பொடி முள்தான் மோசம், மிளகுத்தூள் தூவினது போல ஆட்டின் மூஞ்சியிலும் கழுத்திலும் இறங்கிவிடும். மலையடிவாரத்து ஈச்சம்புதர் கீறவே கீறாது. மட்டையின் அடியில் இருக்கும் ஊசிகள் நேராகத் துளை போட்டு, நுனி உள்ளேயே முறிந்துவிடும்.

"செடிக்குக் காலு இல்லக்கா. ஓட முடியாது. அதான் இவ்ளோ வேல பண்ணுது" என்பாள். "ஆடு கடிச்ச கிளையில திரும்ப வர்ற முள்ளு முன்ன இருந்தத விட நீளம். ஆட்டுக்கு எட்டாத கொம்புல பாரு, சும்மா பேருக்குத்தான் இருக்கும்."

நான் எட்டாவது வரை படித்தவள். ஷூ கம்பெனியில் கடைசி செக்கிங் பார்க்கிறேன். தனகோடி பத்தாவது வரை போய்க் கணக்கில் தோற்று நின்றவள். பத்தொன்பது வயதில் மண்டிக்கு உப்பு கூட்டத்தான் போனாள். கூட்டிக்கொண்டே மேசையைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் பிடித்துக்கொண்டது இந்த வேலை. இன்றைக்கு ஆலங்காயம் பக்கத்து லோடா, ஆந்திரா லோடா என்று சந்தேகம் வந்தால் சூப்பர்வைசர் ரஃபி அகமது லோடு சீட்டைப் பார்ப்பதில்லை, தனகோடியைப் பார்க்கிறார்.

ஒருமுறை அமீர் பாஷா என்ற வியாபாரி, எல்லாம் கொட்டகையில் கட்டிப்போட்டு வளர்த்த ஆடு என்று சொல்லி ஒரு லோடு இறக்கினார். தனகோடி நாலு தோலைத் தொட்டுவிட்டு, "இதுங்க மலையில மேஞ்ச ஆடு பாய். ஈச்சம்பொதர்ல பூந்து வந்துதுங்க" என்றாளாம்.

"இன்னாம்மா, ஆடு உங்கிட்ட வந்து சொல்லிச்சா?"

"வாயத் தொறந்து சொல்லல. முதுகுல எழுதிக்கினு வந்துக்குது."

மண்டியே சிரித்ததாம். அமீர் பாஷாவும் சிரித்துவிட்டு, ஜவ்வாது மலை லோடுதான் என்று ஒத்துக்கொண்டாராம். இதை நான் எங்கள் தெருவில் சொல்லாத வீடு கிடையாது.

இப்படிப்பட்ட விரல்தான் போன வருடம் ஆடி மாதம் வீங்க ஆரம்பித்தது.

முதலில் நடுக்கணு மட்டும் லேசாகச் சிவந்தது. காலையில் மடக்க முடியவில்லை என்றாள். நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள், மண்டியில் பதினான்கு பெண்களும் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னோம்: உப்பு.

மண்டியில் கைக்கு எது வந்தாலும் அது உப்புதான். நாள் முழுக்க கல்லுப்பில் கை இருக்கும். நகக்கண் வெடிக்கும், தோல் உரியும், சின்னக் கீறல் இருந்தாலும் தீயாக எரியும். சாயங்காலம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் போவார்கள். கையுறை கொடுத்தால் போட மாட்டார்கள், போட்டால் தோல் பேசாது. "உப்பு கடிச்சிருக்கு, ரெண்டு நாள்ல போயிடும்" என்பது அங்கே காலை வணக்கம் மாதிரி.

ரெண்டு நாளில் போகவில்லை. மருந்துச்சீட்டுகளையெல்லாம் தேதிவாரியாக ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். ஆவணியில் முதல் டாக்டர். மூட்டுவாதம் என்று மாத்திரை. ஐப்பசியில் இரண்டாவது டாக்டர், முதல் எக்ஸ்ரே. தை மாதம் மூன்றாவதாக இந்த எலும்பு டாக்டர். ஊசி போட்டால் வீக்கம் வடியும், நிறுத்தினால் மறுபடி ஏறும். ஆனியில் இரண்டாவது எக்ஸ்ரே. அதில் எலும்பின் ஓரம் எலி கடித்தது போல இருந்தது. மொத்தம் பதினோரு மாதம்.

இந்த எலும்பு டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் நாளே அவர் கேட்டார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"முள்ளு, கண்ணாடி, ஏதாவது குத்துச்சாம்மா?"

"இல்ல சார்" என்றாள் தனகோடி. "உப்புதான் சார்."

நானும் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை தேதி கொடுத்த பிறகு அவள் கணவர் செந்தில்குமாருக்குப் போன் செய்தோம். அவர் லாரி டிரைவர், அப்போது நாக்பூர் பக்கம் இருந்தார். புதன்கிழமைக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். தனகோடி அழவில்லை. சனிக்கிழமை மண்டிக்குப் போய் லீவு சொல்லிவிட்டு வரலாம் என்றாள். நானும் கூடப் போனேன்.

ரஃபி அகமது எழுந்து வந்து நாற்காலி போட்டார். என்ன பேசுவது என்று தெரியாமல், "டீ சொல்லட்டா?" என்று மூன்று முறை கேட்டார். அவள் மேசையில் இப்போது முனியம்மா நின்று கொண்டிருந்தாள். தனகோடியை விட ஐந்து வயது பெரியவள், அவளோடு சேர்ந்து உப்பு கூட்டியவள். ஒரு தோலை விரித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா முனிம்மாக்கா, தோலுக்குத் தூக்கம் வர வைக்கிறியா?" என்றாள் தனகோடி.

"நீ ஏன்டி பேச மாட்ட. இங்க வந்து பாரு, இன்னான்னு தெர்ல. கட்டி மாதிரி இருக்குது."

தனகோடி பழக்கத்தில் வலது கையைத் தூக்கினாள். கட்டு போட்ட விரலைப் பார்த்துக் கீழே இறக்கிவிட்டு, இடது கை விரலால் தொட்டாள். தோலின் தோள்பட்டைப் பக்கம், பட்டாணி அளவில் ஒரு கட்டி. அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். அவள் முகம் மாறியது.

"பாய், அந்தக் கத்தியக் குடுங்க."

"இன்னாத்துக்கு? டாக்டருக்கு முந்தி நீயே அறுத்துக்கப் போறியா?" ரஃபி அகமது சிரிக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. கத்தியைக் கொடுத்தார்.

இடது கையால் வெட்டத் தெரியாமல் அவள் தடுமாற, முனியம்மா வாங்கி அந்தக் கட்டியைக் கீறினாள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக ஓர் ஓடு. அந்த ஓட்டுக்குள் கறுப்பாக ஒரு முள் நுனி. நெல் அளவுகூட இல்லை. கத்தி நுனியில் பட்டதும் டிக்கென்று சத்தம் வந்தது.

"ஈச்ச முள்ளு" என்றாள் தனகோடி. பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு, வீங்கிய தன் விரலை அந்தத் தோலின் கட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். இடது கையால் ஆட்டைத் தொட்டாள். தன்னைத் தொட்டாள். மறுபடி ஆட்டைத் தொட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்றாள் என்னிடம். "ஆடு உசுரோட இருந்தப்ப குத்தினது. தள்ளத் தெரியாம அது மேல ஓடு கட்டிக்கிச்சு. எனக்கும் அதான். எம்மேலயும் தோலுதான இருக்குது?"

ஒரு நாளைக்கு இருநூறு முள் தழும்பைப் படிக்கிறவள். முள் குத்தியதா என்று டாக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னாள். அவளைப் பொறுத்தவரை முள் என்பது காட்டில் இருப்பது, மண்டிக்கு வருவது அதன் தழும்பு மட்டும். தழும்புக்குள் முள்ளே உட்கார்ந்துகொண்டு லாரியில் வரும் என்று நாங்கள் யாருமே நினைக்கவில்லை. அது விரலில் ஏறியது உப்பு எரிச்சலோடு எரிச்சலாகப் போயிருக்கும்.

ரஃபி அகமதுதான் கேட்டார். "அது எப்டி? ரெண்டு தபா எக்ஸ்ரே எடுத்தீங்களே. முள்ளு இருந்தா காட்டியிருக்காதா?"

இதற்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. எங்கள் ஷூ கம்பெனியில் பெட்டியில் போடும் முன்பு ஒவ்வொரு ஜோடியும் மெட்டல் டிடெக்டர் வழியாகப் போக வேண்டும். தையல் ஊசி உடைந்து உள்ளே இருந்தால் மிஷின் கத்தும். ஒன்றரை வருடம் முன்பு, ஒரு ஷூவுக்குள் பல் குத்தும் குச்சி இருந்ததாக வெளிநாட்டிலிருந்து புகார் வந்தது. அந்த ஜோடியைப் பார்த்து அனுப்பியது நான்தான். மிஷின் கத்தவே இல்லை என்று அழுதேன். மிஷின் மேல் தப்பில்லை, அது இரும்புக்குத்தான் கத்தும், குச்சிக்குக் கத்தாது என்று மேனேஜர் சொன்னார்.

"எக்ஸ்ரேவும் அந்த மாதிரிதானோ இன்னாவோ" என்றேன். "ஊசியா இருந்தா தெரிஞ்சிருக்கும். இது குச்சிதான பாய்?"

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வேலூர் போனோம். எக்ஸ்ரே வேண்டாம், வயிற்றில் குழந்தையைப் பார்க்கிற ஸ்கேன்தான் வேண்டும் என்று நானே முடிவு செய்திருந்தேன். எலும்புகூட முற்றாத சின்ன உயிரையே காட்டுகிற மிஷின், முள்ளைக் காட்டாதா என்பதுதான் என் கணக்கு. போகிற ஸ்கேன் சென்டரில் எலும்பு டாக்டரின் சீட்டு கேட்பார்களே என்று ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டு வாசலில் நின்று கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

பெஞ்சு முழுக்கக் கர்ப்பிணிப் பெண்கள். டோக்கன் கொடுக்கும் பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

"எத்தன மாசம்?"

"பதினோரு மாசம்" என்றாள் தனகோடி.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். தனகோடி விரலைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த ஒரு நிமிடம்தான் அந்த வாரத்தில் நாங்களும் சிரித்தோம்.

உள்ளே ஒரு டாக்டரம்மா விரலில் பசை தடவி, கருவியை வைத்து, திரையைப் பார்த்தார். வலதுபக்கம் திருப்பினார். இடதுபக்கம் திருப்பினார். பிறகு கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார். நான் திரையைப் பார்த்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. நேராக, ஊசி மாதிரி. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் படுத்திருந்தது.

"ஏழு மில்லிமீட்டர்" என்றார் டாக்டரம்மா. "இதோடவா இத்தன நாள் வேல செஞ்சீங்க?"

தனகோடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோலில் ஒரு தழும்பைப் பார்க்கிற அதே பார்வை.

புதன்கிழமை விரலை எடுக்கக் குறித்த அதே நேரத்தில் எலும்பு டாக்டர் முள்ளை எடுத்தார். செந்தில்குமார் விடியற்காலையில் வந்து சேர்ந்திருந்தார், நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். முக்கால் மணி நேரத்தில் டாக்டர் சின்னக் கண்ணாடிக் குப்பியோடு வந்தார். முகமூடியைக் கழற்றிவிட்டு எங்கள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"விரல் இருக்கும்மா. எலும்பு மெதுவா தேறிடும்" என்றார். பிறகு குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார். "பதினோரு மாசம். நுனி கூட மழுங்கல பாருங்க."

மழுங்கவில்லைதான். கறுப்பாக, பளபளவென்று இருந்தது. எங்கோ ஜவ்வாது மலையில் ஒரு ஈச்சம்புதர் தன் குருத்தைத் தின்ன வந்த ஆட்டைக் குத்த வளர்த்த முள். ஆடு செத்துவிட்டது. அதை உரித்தாகிவிட்டது. தோலுக்கு உப்பு போட்டாகிவிட்டது. லாரியில் ஏற்றி, இறக்கி, மடித்து, விரித்தாகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் தன் மேல் கை வைத்தது யார் என்றுகூடப் பார்க்காமல் அந்த முள் தன் வேலையைச் செய்திருக்கிறது.

தனகோடியிடம் காட்டியபோது டாக்டர், "நான் கேட்டேனேம்மா, முள்ளு குத்துச்சான்னு" என்றார்.

"கேட்டீங்க சார். நான்தான் இல்லன்னேன்."

"வேலிக்காத்தான் முள்ளா இது?"

மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியாதவள் தலையை ஆட்டினாள். "இல்ல சார். ஈச்சம்புள்ளு... ஈச்ச முள்ளு. வேலிக்காத்தானா இருந்தா அடி தடிச்சிருக்கும்."

டாக்டர் குப்பியைத் திருப்பிப் பார்த்தார். சரியென்று எழுதிக்கொண்டார்.

ஏழு வாரம் கழித்து அவள் மண்டிக்குப் போன அன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். விரல் முழுதாக மடங்கவில்லை, முக்கால்தான் மடங்கும். அது அவளுக்குப் போதும், நீட்டினால் போதும். ரஃபி அகமது புதுக் கையுறை வாங்கி வைத்திருந்தார். தனகோடி இடது கைக்கு மட்டும் போட்டுக்கொண்டாள்.

"வலது கைக்கு?" என்றார் அவர்.

"கண்ணைக் கட்டிக்கினு செலக்‌ஷன் போடச் சொல்றீங்களா பாய்?"

ஆனால் முன்பு மாதிரி எடுத்தவுடன் விரலை வைக்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு பழைய இரும்பு ஸ்கேல் கொண்டுவந்திருந்தாள். அதைத் தோலின் மேல் ஒருமுறை இழுப்பாள். ஏதாவது டிக்கென்று தட்டினால் நிறுத்தி, இடுக்கியால் பிடுங்கி, ஒரு ஊறுகாய் பாட்டில் மூடியில் போடுவாள். அதன் பிறகுதான் விரல்.

அன்றைக்கு ஆலங்காயம் பக்கத்து லோடு. மத்தியானத்துக்குள் மூடியில் பதினோரு முள் இருந்தது. நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். இத்தனை வருடமும் இந்தத் தோல்கள் எல்லோருடைய கைக்கும் அடியில்தான் போயிருக்கின்றன.

ஒருத்தி மெதுவாகத் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி. முதலில் கையை நீட்டியது சுண்டுவிரல் வளைந்த ஒரு பெண். தனகோடி அந்த விரலைத் துடைத்துவிட்டு, தன் நடுவிரலை அதன் மேல் ஓட்டினாள். தோலில் ஓட்டுகிற அதே ஓட்டம்.

"இது உப்புதான். பயப்படாத" என்றாள்.

அடுத்தவளுக்கும் உப்புதான். அதற்கடுத்தவளுக்கு எப்போதோ கத்தி பட்ட தழும்பு. கடைசியில் முனியம்மா வந்தாள். கட்டைவிரலை நீட்டிக்கொண்டே சிரித்தாள்.

"எனக்கு மூணு வருசமா இருக்குதுடி. ஒரு பேஜாரும் இல்ல. உப்பு கடிச்சு காய்ச்சுப் போச்சு."

தனகோடி அவள் கையைப் பிடித்தாள். விரலை வைத்தாள். நகத்தின் பக்கமிருந்து கீழே கணு வரை ஓட்டினாள்.

கணுவுக்குச் சற்று மேலே விரல் நின்றது.

முனியம்மாவின் சிரிப்பும் நின்றது. தனகோடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். "அந்த ஸ்கேன் சீட்டு ஃபைல்ல இருக்குதா?"